மலை புகட்டும் பாடம்

விமான விபத்து விசாரணையின் நோக்கம் பழிசுமத்துதலன்று. மறு விபத்தைத் தடுத்தலேயாம். இது சர்வதேச நியதி. இதன் அருமையை நம் மலைநாடே உணர்த்தும்.

1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக் கொழும்பு நோக்கி வந்த மார்ட்டினேர் விமானம், மஸ்கெலியாவை அடுத்த சப்த கன்னி மலையில் மோதிற்று. 191 பேரும் மாண்டனர். தாம் இருந்த இடத்தை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கியமையே காரணமென விசாரணை கண்டது.

நிலம் நெருங்குவதை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவி பின்னர்ப் பெரிய விமானங்களிற் கட்டாயமாயிற்று. சிறு விமானங்கள் பலவற்றில் அக்கருவி இல்லை. ஆதலின் அவற்றைச் செலுத்துவோர்க்கு இப்பாடம் இன்னும் இன்றியமையாதது: இருக்குமிடம் ஐயமறத் தெளியும்வரை, மலையுச்சிக்கு மேலான பாதுகாப்பு உயரத்தை விட்டு இறங்கலாகாது. முகில் மலையை மறைக்குமேயன்றி அகற்றாது.