வடித்த தண்ணீரைக் கொட்டாத சமையல்

கீரையும் பயறும் வெந்ததும் என் பக்கத்து வீட்டு அம்மா முதலில் கையில் எடுப்பது வடிதட்டைத்தான். பாத்திரத்தைச் சாய்த்ததும் பச்சையும் பழுப்பும் கலந்த தண்ணீர் கீழே இருக்கும் குண்டானில் இறங்குகிறது. கடைசிச் சொட்டு வடியும்வரை அவர் பொறுமையாக நிற்பார். பெங்களூருக்குக் குடிவந்த புதிதில் இதே தண்ணீரைத்தான் நான் தினமும் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

கன்னடத்தில் ‘பஸி’ என்றால் வடிப்பது. வடித்த நீரில் செய்யும் சாறு பஸ்ஸாரு. பழைய மைசூர்ப் பகுதி முழுக்க, பெங்களூரைச் சுற்றிய கிராமங்களில் இன்றும், ராகி முத்தெக்குத் துணை இதுதான். முத்தெ என்றால் நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் களி உருண்டை.

இரண்டு கைப்பிடி பச்சைப்பயறோ தட்டைப்பயறோ, ஒரு கட்டுத் தண்டுக்கீரை, உப்பு. பயறு முக்கால் வேக்காடு வந்ததும் கீரையைச் சேர்த்து வேகவைத்து வடிக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், மல்லி, சீரகம் ஆகியவற்றை வதக்கி, கொஞ்சம் தேங்காய், புளி, ஒரு கரண்டி வெந்த பயறு சேர்த்து அரைத்து, வடித்த நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் சாறு. மீதிப் பயறையும் கீரையையும் கடுகு தாளித்துப் புரட்டினால் பல்யா, அதாவது பொரியல். ஒரே வேக்காட்டில் இரண்டு பதார்த்தம்.

அந்தத் தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது? வைட்டமின் சி, ஃபோலேட் உள்ளிட்ட பி வகை வைட்டமின்கள், பொட்டாசியம் எல்லாம் நீரில் கரையக்கூடியவை. இலையை நறுக்கிக் கொதிக்கவைக்கும்போது செல்கள் உடைந்து இவற்றில் கணிசமான பங்கு வெளியே வந்துவிடுகிறது. வெப்பத்தில் அழிவது போக மிச்சம் இருப்பது வடிநீரில்தான். அதைக் கொட்டினால் காசு கொடுத்து வாங்கிய கீரையின் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகிறது. ஆனால் தண்டுக்கீரையில் உள்ள ஆக்சலேட்டும் அதே நீரில்தான் இறங்குகிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவதே சரி.

இனி முத்தெ. ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர். முதலில் அந்த அம்மா ஒரு ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொதிநீரில் ஊற்றுகிறார். நீர் லேசாகக் கெட்டிப்பட்டதும் மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுகிறார். கிளறவில்லை. துடுப்பின் காம்பால் குவியலில் துளை போட்டு, தீயைத் தணித்து, அப்படியே விட்டுவிடுகிறார். துளை வழியே கொப்புளம் கொப்புளமாக ஆவி மேலேறுகிறது. ஐந்தாறு நிமிடம் கழித்துத்தான் பாத்திரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு ஒரே மூச்சாகக் கிண்டுகிறார்.

ராகியின் ஸ்டார்ச் மணிகள் ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி செல்சியஸுக்குள் தண்ணீரை உறிஞ்சி உப்பிக் கூழாகின்றன. உலர்ந்த மாவு கொதிநீரில் விழுந்ததும் கிண்டினால், ஒவ்வொரு சிறு உருண்டையின் மேற்பரப்பும் உடனே வெந்து மூடிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் புகாது. அதுதான் கட்டி. குவியலை ஆவியில் விட்டுவைத்தால் உள்மாவுக்கும் சூடும் ஈரமும் போய்ச் சேர்கிறது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் ராகியில் கிடையாது. உருண்டையைப் பிடித்து நிறுத்துவது வெந்த ஸ்டார்ச்தான். அதனால்தான் கையை நனைத்துக்கொண்டு சூட்டோடு சூடாக உருட்ட வேண்டியிருக்கிறது. “அகியபேடி, நுங்கி” என்றார் அவர், நான் முதல் வாய் எடுத்தபோது. மெல்லாதீர்கள், விழுங்குங்கள். சாற்றில் தோய்த்தால் அது தானே வழுக்கிப் போகிறது.

16-ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கவிஞர் கனகதாசர் ‘ராமதான்ய சரித்ரெ’ என்றொரு கதைக்காவியம் எழுதினார். அரிசியா ராகியா, எது உயர்ந்தது என்று வழக்கு வருகிறது. ராமன் இரண்டையும் ஆறு மாதம் அடைத்துவைக்கச் சொல்கிறான். அரிசி நலிந்துபோகிறது, ராகி அப்படியே இருக்கிறது. பணக்காரத் தானியத்தை ஏழைத் தானியம் வெல்லும் இந்தக் கதையின் அடியில் ஓர் உழவர் அனுபவம் இருக்கிறது: நன்றாகக் காய்ந்த ராகி ஆண்டுக்கணக்கில் பூச்சி அண்டாமல் கிடக்கும். கடுகளவு மணி, அதைச் சுற்றி ஐந்தடுக்கு விதையுறை, அந்த உறையில் பாலிஃபீனால்கள். பஞ்சத்துக்குச் சேமித்துவைக்க இதைவிட நம்பகமான தானியம் குறைவு.

அந்த உறை உள்ளிருக்கும் மாவோடு இறுக ஒட்டியிருக்கிறது. உள்மாவோ பொடிப்பொடியாக உதிரக்கூடியது. அரிசியைப் போல ராகியைச் சாதாரணமாகத் தீட்டி வெள்ளையாக்க முடியாததற்கு இதுவே காரணம். ஏழை வீட்டு முத்தெ முழுத்தானியமாகவே தட்டுக்கு வந்தது இப்படித்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. உறையில் கால்சியம் செறிந்திருப்பதால், மாவை மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

364 என்பது முழுவதும் உடலில் சேரும் என்றும் சொல்ல முடியாது. ராகியிலுள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டினால் ஃபைட்டேஸ் நொதி விழித்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. புளிக்கவைத்த கூழிலும் இதே வேலை நடக்கிறது. முத்தெயில் இரண்டும் இல்லை. ஆனால் கூடவே பயறு வருகிறது. தானியப் புரதத்தில் குறையும் லைசின் பயற்றில் தாராளம். பயற்றில் குறையும் மெத்தியோனின் ராகியில் உண்டு. பரிமாறும் நேரத்தில் சாற்றில் பிழியும் அரை எலுமிச்சை இரும்பு சேர உதவும்.

“ராகி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது” என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். 100 கிராமில் சுமார் 67 கிராம் மாவுச்சத்துதான். நைசாக அரைத்து நன்றாக வெந்த மாவு சீக்கிரமே செரித்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் உருண்டையைச் சிறிதாக்கிப் பல்யாவைக் கூட்டிக்கொள்வது நல்லது.

இந்த உருண்டைக்குப் பின்னால் மண்டியா வி.சி. பண்ணையில் உழைத்த ராகி ஆராய்ச்சியாளர் லட்சுமணய்யா இருக்கிறார். ராகிப் பூ மிகப் பொடி, தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. ஒட்டுச் சேர்ப்பது பெரும்பாடு. அவர் ஆப்பிரிக்க ரகங்களையும் இந்திய ரகங்களையும் கலந்து ‘இண்டாஃப்’ வரிசையை உருவாக்கினார். இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டும் சேர்ந்த பெயர் அது. கர்நாடகத்தில் பரவலாகப் பயிராகும், குலைநோயைத் தாங்கும் ஜி.பி.யு. 28 ரகம் பெங்களூர் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் பிறந்தது.

ராத்திரி மிஞ்சிய ஒரு முத்தெ அந்த அம்மா வீட்டில் ஒருபோதும் வீணாவதில்லை. ஆறியதும் ஸ்டார்ச் இழைகள் மறுபடி நெருங்கி இறுகுகின்றன. அதில் ஒரு பங்கு எளிதில் செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடல் நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. காலையில் அதை மோரில் பிசைந்து கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்துபோட்டு, ஒரு பச்சை மிளகாயைக் கிள்ளிப்போட்டுக் குடிக்கிறார்கள். நேற்று எனக்கும் ஒரு சொம்பு வந்தது.