விளிம்பிலே ஒரு பெயர்

தபால் முத்திரை சேகரிப்போரை நாம் அறிவோம். பழைய நாணயங்களைத் தேடி வைப்போரையும் அறிவோம். ஆனால், முன்பின் அறியாத ஒருவரின் மார்பை அலங்கரித்த போர்ப் பதக்கத்தைத் தேடிப் பிடித்து, அதனைப் பெட்டியில் வைத்துப் பேணுவோரும் உளர் என்றால் எம்மவரிற் பலர் வியப்படையக்கூடும். பிரித்தானியாவில் இது நெடுங்காலமாக வேரூன்றிய பொழுதுபோக்கு. பதக்கங்களை ஆராய்வதற்கென்றே 1942ஆம் ஆண்டில், இரண்டாம் உலக மகாயுத்தத்தின் நடுவிலே, அங்கு ஒரு சங்கமும் தோன்றியது.

இங்கிலாந்தின் பழம்பொருட் கடை ஒன்றினுள் இத்தகைய சேகரிப்பாளர் ஒருவர் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டிலே கிடக்கும் வெள்ளிப் பதக்கம் ஒன்றைக் கையில் எடுக்கிறார். முகப்பிலுள்ள அரசரின் தலையை அவர் நெடுநேரம் பார்ப்பதில்லை. பின்புறத்துச் சித்திரத்திலும் அவர் கண் தங்குவதில்லை. பூதக்கண்ணாடியை வைத்து, பதக்கத்தின் விளிம்பை மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். அங்கே ஓர் இலக்கம், ஒரு பதவி, ஒரு பெயர், ஒரு பட்டாளத்தின் குறிப்பு ஆகியவை சின்னஞ்சிறு எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அரசரின் தலை இலட்சக்கணக்கான பதக்கங்களில் உண்டு. விளிம்பிலுள்ள பெயரோ அந்த ஒன்றுக்கே உரியது. இந்தப் பொழுதுபோக்கின் உயிர் அந்தப் பெயரிலேதான் இருக்கின்றது.

வாட்டர்லூவில் தொடங்கிய வழக்கம்

1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் திகதி வாட்டர்லூவில் நெப்போலியன் தோல்வியுற்றான். அப்போரிற் பங்குகொண்ட பிரித்தானியப் படையினர் யாவர்க்கும், தளபதி என்றும் சிப்பாய் என்றும் பேதம் பாராது, ஒரேவிதமான வெள்ளிப் பதக்கம் வழங்கப்பட்டது. பெற்றவனுடைய பெயரும் பட்டாளமும் இயந்திரத்தினால் விளிம்பிலே பொறிக்கப்பட்டன. களத்தில் மடிந்தோரின் பதக்கங்கள் அவர்தம் உறவினர்க்குக் கொடுக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாயின் பெயரை அரசாங்கம் வெள்ளியிலே எழுதிக் கொடுக்கும் வழக்கம் இவ்வாறு தொடங்கிற்று.

ஆனால், இதனாலே மனக்கசப்பும் விளைந்தது. அதற்கு முன்னர் ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் ஆண்டுக்கணக்காகப் போரிட்ட சிப்பாய்களுக்கு அரசாங்கம் எதுவுமே கொடுக்கவில்லை. வாட்டர்லூவில் ஓரிரு நாள் நின்ற இளைஞன் மார்பிலே வெள்ளி மின்ன, பல களங்களைக் கண்ட கிழவன் வெறும் மார்போடு அவன் அருகில் நடந்தான். 1847ஆம் ஆண்டிலேதான் அவர்களுக்கும் பதக்கம் வழங்கத் தீர்மானமாயிற்று. ஒவ்வொரு போரின் பெயரும் தாங்கிய சிறு பட்டைகள் நாடாவிலே கோக்கப்பட்டன. அத்தகைய பட்டைகள் 29 வகை. இருவர் மாத்திரமே 15 பட்டைகள் பெற்றனர்.

ஒரு நிபந்தனை இருந்தது. பதக்கம் வேண்டுவோர் உயிருடன் இருந்து, தாமே விண்ணப்பித்தல் வேண்டும். தந்தை இறந்துவிட்டான் என்று மகன் வந்து கேட்க இயலாது. ஏறக்குறைய 26,000 பேரே அதனைப் பெற்றனர். முப்பது நாற்பது ஆண்டு காத்திருந்து இறந்துபோனோரின் பெயர் எந்த வெள்ளியிலும் ஏறவில்லை.

இலங்கையின் பெயர் தாங்கிய பதக்கம்

இவ்விடத்தில் எம் தீவோடு தொடர்புடைய ஒரு பதக்கத்தையும் கூறுதல் பொருந்தும். 1795, 1796ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆங்கிலேயர் கைப்பற்றினர். அதிற் பணியாற்றிய வங்காளப் பீரங்கிப் படையின் இந்திய வீரருக்குக் கிழக்கிந்தியக் கம்பனி பின்னர் ஒரு பதக்கம் அளித்தது. பொன்னில் 2, வெள்ளியில் 121, ஆக 123 பதக்கங்களே அவை. ஒரு புறத்தில் ஆங்கிலமும் மறுபுறத்திற் பாரசீகமும் எழுதப்பட்டிருந்தன. இலங்கையின் பெயர் அதில் இருந்தது. அதனை அணிந்தவனின் பெயர் இல்லை. ஆகவே அப்பதக்கம் இன்று எவர் கையிற் கிடைத்தாலும், அதற்குரிய மனிதன் யார் என்பதைப் பதக்கம் தானே சொல்லமாட்டாது.

பெயரிலிருந்து மனிதனுக்கு

முதலாம் உலக மகாயுத்தத்திற் பணியாற்றிய பிரித்தானியச் சிப்பாய்களிற் பலருக்கு மூன்று பதக்கங்கள் கிடைத்தன: வெண்கல நட்சத்திரம் ஒன்று, வெள்ளியாலான போர்ப் பதக்கம் ஒன்று, வானவில் நிற நாடாவுடைய வெற்றிப் பதக்கம் ஒன்று. அக்காலத்துப் பத்திரிகைச் சித்திரக்கதை ஒன்றின் பாத்திரங்களான 'பிப், ஸ்குவீக், வில்பிரட்' என்னும் பெயர்களையே மக்கள் வேடிக்கையாக இம்மூன்றுக்கும் இட்டனர். வெள்ளிப் பதக்கம் மாத்திரம் சுமார் 65 இலட்சம் வழங்கப்பட்டது.

இவ்வளவு பெருந்தொகையாக உள்ள பொருளில் அருமை ஏது என்று கேட்கலாம். விளிம்பிலுள்ள இலக்கத்தைக் குறித்துக்கொண்டு சேகரிப்பாளர் ஏடுகளைத் தேடுகிறார். இலண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தின் மூலம் அக்காலப் பதக்கப் பதிவு அட்டைகளின் பிரதிகளைப் பார்க்கலாம். அந்த மனிதன் எந்தப் போர்முனைக்குச் சென்றான், என்ன பதவி வகித்தான் என்பன போன்ற செய்திகள் அவற்றிற் கிடைக்கும். வாழ்க்கை விபரம் முழுவதும் கிடைப்பது அரிது. ஏனெனில், 1940 செப்டெம்பரில் இலண்டன்மீது ஜெர்மானியர் வீசிய குண்டுகளினால் முதலாம் யுத்தச் சிப்பாய்களின் சேவைக் கோவைகளில் அரைப் பங்குக்கு மேல் எரிந்து சாம்பலாயின. அப்படிக் கோவை எரிந்துபோன ஒருவனுக்கு, பதிவு அட்டையோடு பதக்கத்தின் விளிம்பும் ஒரு சாட்சியாகின்றது.

பதக்கத்தோடு சேர்த்து மற்றொரு பொருளையும் இவர்கள் தேடுவர். யுத்தத்தில் மடிந்தோரின் குடும்பத்துக்கு அரசாங்கம் அனுப்பிய வட்டமான வெண்கலத் தகடு அது. அதன் குறுக்களவு சுமார் 12 சென்ரிமீற்றர். பிரித்தானியாவைக் குறிக்கும் பெண்ணுருவும் சிங்கமும் அதிலே உள்ளன. சுதந்திரத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் இவர் இறந்தார் என்னும் கருத்துப்பட ஓர் ஆங்கில வாசகம் விளிம்பையொட்டி ஓடுகின்றது. பெயர் உண்டு, பதவி இல்லை. சாவிலே உயர்வு தாழ்வு வேண்டாம் என்று கருதியே அவ்வாறு செய்தனர். பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தகடுகள் வீடுவீடாகச் சென்றன. 'செத்தவனின் பென்னி' என்று சாதாரண மக்கள் இதனை அழைத்தனர். அந்தப் பெயரிலுள்ள கசப்பை நாம் விளக்கவேண்டியதில்லை.

பட்டாளச் சின்னங்கள்

பதக்கம் ஒரு மனிதனைக் காட்டும்; தொப்பியில் அணியும் சின்னமோ அவன் சார்ந்த பட்டாளத்தைக் காட்டும். 1881ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது பிரித்தானியக் காலாட்படையில் இலக்கங்களால் அழைக்கப்பட்ட பட்டாளங்கள் பெரும்பாலும் மாகாணங்களின் பெயரைப் பெற்றன. ஊர்ப்பற்றும் பட்டாளப்பற்றும் ஒன்றாயின. ஒவ்வொரு சின்னத்துக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு.

குளொஸ்ரர்ஷயர் பட்டாளத்தார் தொப்பியின் முன்புறத்தில் மட்டுமன்றிப் பின்புறத்திலும் ஒரு சிறு சின்னம் அணிந்தனர். 1801 மார்ச்சில், எகிப்திலுள்ள அலெக்சாந்திரியாவில் அவர்களுடைய முன்னோரான 28ஆம் பட்டாளத்தைப் பகைவர் இருபுறத்திலும் தாக்கினர். பின்வரிசையார் திரும்பி நின்று, முதுகோடு முதுகு ஒட்டிப் போரிட்டனர் என்பது வரலாறு. அந்த நாளின் நினைவே பின்புறச் சின்னம். 1994இல் அப்பட்டாளம் வேறொன்றோடு இணைக்கப்பட்டது. பட்டாளம் மறைந்தாலும் அதன் கதையைச் சின்னம் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

இத்தகைய சின்னங்கள் பதக்கங்களைவிட மலிவானவை. அதனால் மாணவர் பலர் இவற்றிலிருந்தே சேகரிக்கத் தொடங்குவர். இரண்டாம் யுத்தத்தில் உலோகத்தை மிச்சம்பிடிக்கப் பிளாஸ்ரிக்கிற் செய்த சின்னங்களும் இவற்றுள் உண்டு.

போலிகள்

விலை உள்ள இடத்தில் வஞ்சகமும் புகும். சாதாரணமான ஒருவனின் பெயரை விளிம்பிலிருந்து அராவி நீக்கிவிட்டு, புகழ்பெற்ற களத்தில் நின்றவனின் பெயரைப் பொறித்து விற்போர் உண்டு. ஆனால் அராவிய விளிம்பு தேயும். ஆதலால் அனுபவசாலிகள் நுண்ணளவுக் கருவியைக் கொண்டு பதக்கத்தின் குறுக்களவைப் பார்ப்பர். எழுத்தின் வடிவத்தையும் உண்மையானவற்றோடு ஒப்பிடுவர். தொப்பிச் சின்னங்களிலோ பழைய அச்சுக்களைக் கொண்டே பிற்காலத்தில் அடித்த புதுப் பிரதிகள் பல. வரைகள் மழுங்கியிருத்தலும், அணிந்து தேய்ந்த அடையாளம் இல்லாதிருத்தலும் சந்தேகத்துக்கு இடமாகும்.

எனினும், வினோதமானவை எல்லாம் போலியல்ல. தென்னாபிரிக்க யுத்தப் பதக்கத்தை முதலில் வார்த்தபோது, யுத்தம் விரைவில் முடியும் என்று நம்பி 1899, 1900 என்னும் ஆண்டுகளையும் அதிற் பொறித்தனர். யுத்தமோ 1902 வரை நீண்டது. அவசரமாக ஆண்டுகளை நீக்கினர். ஆயினும் சில பதக்கங்களில் அவ்விலக்கங்களின் சாயல் இன்றும் மங்கலாகத் தெரியும். அரசாங்கத்தின் தப்புக்கணக்கை வெள்ளி மறைக்கவில்லை.

பதக்கம் ஒரு பக்கத்தின் கதையையே கூறும் என்பதையும் மறத்தலாகாது. அதே யுத்தத்திற் பிடிபட்ட போயர்க் கைதிகள் ஆயிரக்கணக்கில் 1900ஆம் ஆண்டு முதல் எம் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களின் துயரம் இந்தப் பதக்கத்தில் எழுதப்படவில்லை.

பிறர் கௌரவத்தை வாங்கலாமா?

இனி, மனத்தை உறுத்தும் ஒரு கேள்வி. ஒருவன் இரத்தம் சிந்திப் பெற்ற கௌரவத்தை மற்றொருவன் காசு கொடுத்து வாங்குதல் முறையா?

சந்தையின் நியாயம் கொடியது. ஒரேவகையான மூன்று பதக்கங்கள். உயிரோடு வீடு திரும்பியவனுடையவற்றுக்கு ஒரு விலை. சொம் போர் தொடங்கிய 1916 ஜூலை முதலாந் திகதி மடிந்தவனுடையவற்றுக்கு அதனினும் கூடிய விலை. அந்த ஒரே நாளில் 19,240 பிரித்தானியப் படையினர் இறந்தனர். சாவுக்கும் சந்தையில் ஒரு பெறுமதி ஏற்பட்டுவிட்டது. விக்டோரியாச் சிலுவை பெற்ற சாதாரணச் சிப்பாய்க்குத் தொடக்கத்தில் ஆண்டுக்கு 10 பவுண் உபகாரச் சம்பளம் கிடைத்தது. காயப்பட்டோரை மீட்டுத் தானும் உயிர்துறந்த வைத்தியர் நோயல் சவாசேயின் இரு விக்டோரியாச் சிலுவைகள் உள்ளிட்ட பதக்கங்களோ 2009இல் சுமார் 15 இலட்சம் பவுணுக்குக் கைமாறியதாகப் பத்திரிகைகள் எழுதின.

இவற்றை எண்ணும்போது, பதக்கங்களை விற்கவே கூடாது என்று கூறத் தோன்றும். ஆனால் விற்றவர் எல்லாம் பேராசையினால் விற்றவரல்லர். வறுமை பல பழைய சிப்பாய்களையும் விதவைகளையும் அடகுக்கடை வாசலுக்கு அழைத்துச் சென்றது. வாங்க ஆளில்லாத பதக்கத்தின் கதி யாது? 1980ஆம் ஆண்டளவில் வெள்ளியின் விலை திடீரென்று உயர்ந்தபோது முதலாம் யுத்தப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. பதக்கமாக விற்பதைவிட வெள்ளியாக விற்பது இலாபமாயிற்று. உருகிய வெள்ளியோடு பெயர்களும் உருகிப்போயின.

மற்றொரு கேடு, ஒருவனின் பதக்கங்கள் பிரிந்துபோதல். நட்சத்திரம் மூத்த மகனுக்கு, வெள்ளி இளைய மகனுக்கு என்று பங்கிடுவர். அல்லது வியாபாரி தனித்தனியே விற்பான். நல்ல சேகரிப்பாளர் இவற்றை மீண்டும் ஒன்றுசேர்ப்பதையே பெரும் பாக்கியமாகக் கருதுகிறார். ஒரே பெயருக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போரும் உளர். பிரிந்த பதக்கத்தைக் கண்டுபிடித்து உரிய குடும்பத்துக்கே சேர்ப்பிப்போரும் உளர். உலோகத்தை மாத்திரம் சேகரிப்பவன் வியாபாரி. பெயரைக் காப்பவனே சேகரிப்பாளன் என்று நாம் சொல்லலாம்.

எம் வீட்டுப் பெட்டிகளில்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர் பிரித்தானிய அரசாங்கம் தன் படையினர்க்கு வழங்கிய யுத்த நட்சத்திரங்களிலும் பொதுப் பதக்கங்களிலும் பெயர் பொறிப்பதைக் கைவிட்டது. அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் தம்மவர்க்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. பிரித்தானியருக்கோ சிறு அட்டைப்பெட்டியில், பெயரற்ற பதக்கங்கள் தபாலில் வந்தன. அந்த யுத்தத்தில் இலங்கையரும் சேவை செய்தனர். எம் நாட்டு வீடு ஒன்றின் பழைய பெட்டகத்தில் அத்தகைய பதக்கம் இருக்குமாயின், அதன் விளிம்பு ஊமையாகவே இருத்தல் கூடும். யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டிலுள்ளோரே.

ஆகவே மாணவர்க்கு நாம் கூறுவது இது. வீட்டில் அத்தகைய பொருள் இருந்தால், பளபளப்பாக்க வேண்டும் என்று அதனைத் தேய்க்க வேண்டாம். எழுத்தும் சித்திரமும் தேய்ந்துவிடும். நாடாவைக் கழற்றி எறிய வேண்டாம். பல பதக்கங்கள் இருந்தால் ஒன்றையொன்று பிரிக்க வேண்டாம். கூட இருக்கும் கடிதமும் உறையும் படமும் பதக்கத்தைப் போலவே அருமையானவை. அப்புவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு, அணிந்தவர் யார், எந்த ஊரார், எங்கே சேவை செய்தார் என்று ஒரு தாளில் எழுதி, அந்தப் பெட்டியினுள்ளே வையுங்கள்.

வாட்டர்லூச் சிப்பாய்க்கு அரசாங்கம் இயந்திரத்தினாற் செய்து கொடுத்ததை, எம் வீட்டுப் பெரியவருக்கு நாம் ஒரு பேனையினாற் செய்யலாம். கேட்டு எழுதுவதற்கு அவர்களை அறிந்தவர்கள் இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.