விடிய விடிய ஆடும் கதையை ஒரு மணியில் காண்பதா?

விடுமுறை வந்தால் மலையாள நாட்டுக்கு யாத்திரை போகும் நம்மவர்களுக்குக் குறைவில்லை. கடலைக் கண்டோம், காயலில் படகேறினோம் என்று திரும்பி வந்து சொல்லுகிறார்கள். கதகளி பார்த்தீர்களோ என்று கேட்டால், "பார்க்காமலென்ன? ஆறு மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடிந்துவிட்டது" என்று பதில் வருகிறது.

கொச்சியில் அவ்விதக் காட்சியொன்றை நாமும் சீட்டு வாங்கிக் கண்டோம். நடிகர் முகத்தில் பச்சை தீட்டுவதைக் காட்டினார்கள். முத்திரைகளுக்குப் பொருள் சொன்னார்கள். பின்னர் ஒரு துண்டுக் கதை, கைதட்டு, விளக்கேற்றம். அந்த நடிகரைக் குறை கூற நமக்கு வாய் எழவில்லை. மழைக்காலத்தில் கோயில் ஆட்டங்கள் அருகிவிடும். அப்பொழுது அவருடைய அடுப்பு எரிவது இம்மண்டபத்துக் கூலியால்தான்.

நிற்க. இரண்டு நாள் கழித்துப் பாரதப்புழைக் கரையில் ஒரு கோயில் முற்றத்தில் உட்கார்ந்தோம். சீட்டு இல்லை, நாற்காலியும் இல்லை. அந்தி வேளையில் செண்டையும் மத்தளமும் முழங்கி ஆட்டமுண்டு என்று ஊருக்கு அறிவித்தன. பாயும் போர்வையுமாக ஜனங்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். பெரிய குத்துவிளக்கின் முன் இருவர் கையில் பிடித்த திரை தாழ்ந்தது. நடிகர் பேசுவதில்லை, பின்னே நின்ற பாகவதர் இருவர் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாட, அதன் பொருளைக் கையும் கண்ணும் விரித்துக்கொண்டே போயின.

கதை கல்யாண ஸௌகந்திகம். திரௌபதிக்கு மலர் தேடிக் காட்டில் புகுந்த பீமன் ஒரு காட்சியைக் காண்கிறான். ஒரே நடிகர் யானையாகிறார். அதன் காலைக் கவ்வும் மலைப்பாம்பாகிறார். மேலே பாயும் சிங்கமாகிறார். உடனே பீமனாகி நின்று வியக்கிறார். அவசரமென்பதே அங்கில்லை. நடுநிசிக்குப் பின் நமக்குக் கண் செருகிற்று. பக்கத்திலிருந்த பாலக்காட்டுப் பெரியவர் தோளைத் தட்டி, "எழுந்திருங்கோ, ஹனுமார் வரப்போறார்" என்றார். அவர் தட்டியிராவிட்டால் அந்த வெள்ளைத் தாடியின் பிரவேசத்தை நாம் இழந்திருப்போம். கொச்சி மண்டபத்தில் யாரும் தூங்கவில்லை. யாரையும் எழுப்ப வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இந்தக் கலை ஒரு காலத்தில் அழிவின் விளிம்பில் நின்றது. மகாகவி வள்ளத்தோள் லாட்டரிச் சீட்டு நடத்திப் பணம் திரட்டி, முகுந்த ராஜாவின் துணையோடு 1930-ல் கலாமண்டலத்தைத் தொடங்கினார். தேசிய இயக்கத்தைப் பாடிய அக்கவிக்குச் செவி கேளாது என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். தாம் கேட்க முடியாத செண்டைக்காக ஊர் ஊராய்க் கையேந்தினார் அவர்.

இன்றைய அபாயம் வேறு. ஆண்டுக்கணக்கில் உடம்பை வருத்திப் பயிலும் மாணவன் மலைப்பாம்பையும் யானையையும் கற்கிறான். நாளை அவனை அழைப்பவரெல்லாம் ஒரு மணி நேரமே தருவாராயின் அவற்றை எங்கே ஆடுவான்? ஆடாத பாகம் ஆசானோடு போய்விடும். பிரயாணிகள் எதைக் கேட்கிறார்களோ அதையே மண்டபக்காரர் தருவார். ஆகவே இதில் நம் பங்கும் உண்டு. யாத்திரைத் துறையினர் கோயில் இரவுகளின் அட்டவணையைத் தமிழிலும் அச்சிட்டு, பாலக்காடு, ஷோரனூர் ரயிலடிகளில் வைக்கட்டும். அதற்கு ஆகும் செலவு அற்பமே.

போக விரும்புவோர் மார்கழி முதல் சித்திரை வரையுள்ள உற்சவ காலத்தில் போகலாம். கதையை முன்னரே படித்துக்கொள்ளவும். பகலில் நன்றாகத் தூங்கி எழவும். ஒரு பாய் அவசியம். விளக்குக்கு நேரே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, பின்னாலிருக்கும் கிழவருக்குப் பீமனை மறைத்துவிட வேண்டாம்.