பாறையும் கயிறும் வெட்கமும்

சைக்கிள் பழகுகிறவன் விழுந்தால் தெருவே பார்த்துச் சிரிக்கும்; அவனும் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். வீணை கற்கும் பெண் அபஸ்வரம் இழைத்தால் வாத்தியார் முகம் சுளிப்பதோடு போயிற்று. பாறை ஏறும் வித்தையில் மாத்திரம் ஆரம்பக்காரரின் அசட்டுத்தனத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று சிரிப்புக்கு இடமானது. மற்றொன்று உயிருக்கே உலை வைப்பது. எது எந்த ரகம் என்பது புதிதாக வந்தவருக்குத் தெரிவதில்லை, சங்கடமெல்லாம் அதில்தான்.

இவ்வித்தை இன்று நமக்கு அந்நியமானதன்று. 1953-ல் டென்சிங் எவரெஸ்ட் சிகரத்தில் கால் வைத்தார். மறு வருஷமே டார்ஜிலிங்கில் ஹிமாலய மலையேற்றக் கழகம் தொடங்கிற்று. பயிற்சிக்குத் தலைவராக டென்சிங்கே அமர்ந்தார். அவ்வூரில் மாணாக்கர் ஏறிப் பழகும் பெரும்பாறை ஒன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. தெற்கே பாதாமியின் செம்பாறைகளிலும், ராமநகரத்துக் கருங்கற் குன்றுகளிலும் வாலிபர்களும் யுவதிகளும் கயிறும் கையுமாய்க் காணப்படுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படக்கூடும்.

முதலில் சிரிப்புக்குரியவற்றைப் பார்ப்போம். தலைக்கவசத்தைப் பின்புறம் முன்னாக அணிந்துகொண்டு கம்பீரமாக நிற்பவர் உண்டு. ஏறுவதற்கென்றே ஆன காலணி விரல்களை இறுக்கிப் பிடிக்கும். அநுபவசாலிகள் பாறையை விட்டு இறங்கியதுமே அதைக் கழற்றிவிடுவார்கள். புதியவரோ அதையே போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நொண்டுவார். வியர்வைக் கைக்குப் பூசும் வெண்பொடிப் பையை இடுப்பில் தொங்கவிட்டு, காலணி நாடாவை முடியக் குனிவார். பொடியெல்லாம் தரையிலே கோலமாகிவிடும்.

இவற்றினும் ரஸமானது 'காம்' என்னும் கருவியின் கதை. பாறைப் பிளவில் செருகுவதற்காக 1978-ல் கடைக்கு வந்த சாதனம் அது. விசையை இழுத்தால் அதன் இதழ்கள் சுருங்கும்; விட்டால் விரிந்து இரு பக்கத்துப் பாறையையும் அழுத்தும். கயிற்றில் பாரம் விழ விழ அழுத்தமும் அதிகரிக்கும். புதியவர் என்ன செய்வாரென்றால், 'இறுக்கமாயிருந்தால் பத்திரம்' என்று எண்ணி, பிளவுக்குப் பெரிதான ஒன்றை முழுவதும் சுருக்கித் திணித்துவிடுவார். வெளியே எடுக்க அதை இன்னும் சற்றுச் சுருக்கவேண்டும். சுருங்க இடம் ஏது? பின்னால் ஏறி வரும் தோழர் ஒரு கையால் தொங்கியபடி, மறு கையால் அதைக் குடைந்து, ஆட்டி, திட்டி, கடைசியில் விட்டுவிட்டு வருவார். விலையோ அற்பமன்று. பாறைக்கு அது காணிக்கை.

இனி, சிரிப்பும் விபரீதமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இடத்துக்கு வருவோம். பாறையில் ஆங்காங்கே அடித்துள்ள இரும்பாணிகளில் கொக்கி வளையங்களை மாட்டி, அவற்றுள் தம் கயிற்றை இட்டுக்கொண்டே மேலே போவது ஒரு முறை. கீழே நிற்கும் தோழர் மறுபக்கக் கயிற்றைப் பிடித்திருப்பார். அவசரத்தில், முந்திய வளையத்துக்குக் கீழேயுள்ள கயிற்றை எடுத்து அடுத்த வளையத்தில் மாட்டிவிட்டால், கயிறு மேலும் கீழுமாய் மடிந்து சிக்கிக்கொள்ளும். ஏறுபவர் நகர முடியாமல், "ஏன் ஐயா இழுக்கிறீர்?" என்று கீழே நிற்கும் அப்பாவியைக் கோபிப்பார். இது வேடிக்கை. ஆனால் அதே வளையத்தில் கயிறு பாறைப் பக்கமாக நுழைந்து வெளிப்பக்கமாக வராமல், திசை மாறிப் போய்விட்டால், பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். விழும்போது மாத்திரம் கயிறு வளையத்தின் கதவின்மேல் புரண்டு, அதைத் திறந்துகொண்டு நழுவிவிடக்கூடும். முன்னது உடனே காட்டிக்கொடுக்கிறது. பின்னது மௌனமாகக் காத்திருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன? அங்கேதான் வெட்கம் குறுக்கே நிற்கிறது. "விளங்கிற்றா?" என்று வகுப்பில் கேட்டால், விளங்காத பிள்ளைகளின் குரலே உரக்கக் கேட்பதை எத்தனை வருஷமாய்ப் பார்த்து வருகிறோம்! கயிற்றைத் தடுத்துப் பிடிக்கும் 'கிரிகிரி' என்னும் கருவியில், எந்தப் பக்கம் ஏறுபவர், எந்தப் பக்கம் பிடிப்பவர் கை என்று சித்திரமே பொறித்து வைத்திருக்கிறார்கள். அப்படியும் தலைகீழாகக் கயிற்றை மாட்டுவோர் உண்டு. பிறர் முன்னிலையில் சித்திரத்தை உற்றுப் பார்ப்பது கௌரவக் குறைவென்று தோன்றுகிறது போலும்!

ஆரம்பக்காரருக்கு இடங்கொடுப்பதில் பெரியவர்களும் தவறியதுண்டு. 1865 ஜூலை 14-ந் தேதி ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரத்தை எட்வர்ட் விம்பரின் கோஷ்டி முதன்முதலாக எட்டிற்று. எழுவரில் ஹாடோ என்பவர் பத்தொன்பது வயதுப் பிள்ளை, பழக்கமற்றவர். இறங்கும்போது வழிகாட்டியான க்ரோஸ் அவர் பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாறையில் வைக்க வேண்டியிருந்தது. ஹாடோ சறுக்கினார், நால்வர் இழுபட்டனர், கயிறு அறுந்தது. கொண்டு போயிருந்த மூன்று வகைக் கயிறுகளில் மிக மெலிந்ததே அந்த இடத்தில் கட்டப்பட்டிருந்தது என்பது பிறகே தெரிய வந்தது. நால்வரும் மாண்டனர். அறுந்த துண்டை இன்றும் ஜெர்மாட் பொருட்காட்சிசாலையில் காணலாம்.

பழகியவர்களும் தப்புவதில்லை. லின் ஹில் என்ற அமெரிக்க மாது உலகப் புகழ் பெற்ற ஏறுநர். 1989-ல் பிரான்ஸில் புவூ என்னுமிடத்தில், இடுப்புக் கச்சையில் கயிற்றைக் கோத்தவர், முடிச்சிடாமல் காலணி அணியப் போய்விட்டார். மேற்சட்டை அதை மறைத்தது. உச்சிவரை ஏறி, இறங்குவதற்காகக் கயிற்றை நம்பிப் பின்னே சாய்ந்தார். 70 அடிக்கு மேல் விழுந்தவரை ஒரு மரக்கிளை காப்பாற்றிற்று. அந்த அம்மையாரே 1993-ல், எல் கபிட்டன் பாறையின் 'மூக்கு' என்ற பாதையைக் கருவிகளைப் பிடித்து ஏறாமல், கைகாலாலேயே முதன்முதலில் ஏறி முடித்தார்.

இப்பொழுது பாறையடியில் ஒரு வழக்கம் நிலைபெற்றிருக்கிறது. எவ்வளவு கைதேர்ந்தவராயினும், ஏறுமுன் இருவரும் எதிரெதிரே நின்று, ஒருவர் கச்சையின் வாரை மற்றவர் இழுத்துப் பார்ப்பார். எட்டு வடிவ முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார். வளையத்தின் திருகு மூடியிருக்கிறதா, கயிற்றின் கீழ்நுனியில் முடிச்சு உண்டா என்று வாய்விட்டுக் கேட்பார். நேற்று வந்த பெண், இருபது வருஷம் ஏறியவரின் முடிச்சைப் பிடித்துப் பார்க்கிறாள். அவரும் கையைத் தூக்கிக்கொண்டு சாதுவாக நிற்கிறார். மொத்தம் அரை நிமிஷ வேலை.