கடல் முன்னறிவிப்பில் பன்னாட்டுத் தரவுப் பகிர்வு

கடலின் நிலையை முன்னறிவிக்கும் கணினி மாதிரிகளை உண்மை அளவீடுகளால் தொடர்ந்து திருத்துதல் தரவு உள்வாங்கல் எனப்படும். செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் மேற்பரப்பையே அளப்பதால், ஆழ்நீர் அளவீட்டிற்கு ஆர்கோ மிதவைகள் இன்றியமையாதனவாகின்றன. இவை 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, ஏறத்தாழ 10 நாள்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலெழும்போது வெப்பநிலையையும் உவர்ப்பையும் பதிவுசெய்கின்றன. 2007இல் இவற்றின் எண்ணிக்கை 3,000ஐ எட்டியது. பல நாடுகள் தனித்தனியே செலுத்தினாலும், தரவுகள் அனைவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1998 முதல் 2008 வரை நடைபெற்ற உலகக் கடல் தரவு உள்வாங்கல் சோதனைத் திட்டம் இத்தகைய பகிர்வைக் கொண்டே பல நாட்டு மாதிரிகளை ஒப்பிட்டது. நீரோட்டங்கள் நாட்டெல்லைகளைக் கடப்பவை. எனவே ஒரு நாடு தன் மிதவைகளைக் குறைப்பின், அதனால் எழும் இடைவெளி பிற நாடுகளின் முன்னறிவிப்பிலும் பிழையாக வெளிப்படும்.