வைக்கோற்போரும் மூன்று பெண்மணிகளும்

பீர் என்ற சொல்லைக் கண்டதுமே முகத்தைச் சுளித்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! அதைக் குடிக்க உங்களை யாரும் அழைக்கவில்லை. அதைக் காய்ச்சி விற்ற ஒரு டச்சுக் குடும்பத்தின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதில் மூன்று பெண்மணிகள் வருகிறார்கள்.

ஆம்ஸ்டர்டாம் கால்வாய்கள் நிறைந்த நகரம். ஆனால் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. உப்பு ஒரு பக்கம், அழுக்கு ஒரு பக்கம். ஆகையால் பழங்காலத்தில் அங்கே வீடுகளில் லேசான பீர்தான் அன்றாட பானம். அந்தக் காலத்தில், 1592-ல், வெயின்ட்கென் எல்பெர்ட்ஸ் என்ற விதவை அந்நகரில் ஒரு பீர் ஆலையை ஆரம்பித்தார். 'டி ஹோய்பெர்க்' என்று அதற்குப் பெயர். 'வைக்கோற்போர்' என்று அர்த்தம்.

சுமார் 270 வருஷம் கழிந்தது. வைக்கோற்போர் நலிந்து போயிருந்தது. அதை வாங்கி நடத்த ஆசைப்பட்டான் ஜெரார்ட் ஹெய்னெக்கன் என்ற வாலிபன். வயது 22. தகப்பனார் முந்தின வருஷம்தான் காலமாகியிருந்தார். பணம் தாயார் அன்னாவிடம் இருந்தது. தாயாரிடம் பணம் பெயர்ப்பது லேசான காரியமா?

பிள்ளையாண்டான் சாமர்த்தியசாலி. 1863-ல் தாயாருக்குக் கடிதம் எழுதினான். "எனக்கு லாபம் வரும்" என்பதோடு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. ஏழைத் தொழிலாளிகள் ஜின் குடித்துச் சீரழிகிறார்கள். நல்ல பீர் கிடைத்தால் அந்தக் குடிவெறி குறையும் என்று வாதாடினான். தாயார் மனம் இளகியது. 1864-ல் ஆலை அவன் கைக்கு வந்தது. குடும்பத்தின் பெயரே பிறகு பீரின் பெயராயிற்று.

பீரின் ருசி ஈஸ்டைப் பொறுத்தது. தயிர் தோய்க்க உறைமோரை எவ்வளவு ஜாக்கிரதையாக வைத்துக்கொள்கிறீர்கள்! அது புளித்துக் கெட்டால் மறுநாள் தயிரும் கெட்டது அல்லவா? அதே கதைதான். 1886-ல் லூயி பாஸ்டரின் மாணவர் எலியான் என்ற விஞ்ஞானி, இந்த ஆலைக்கென்று சுத்தமான ஒரு ஈஸ்டைப் பிரித்தெடுத்துக் கொடுத்தார். அந்த 'உறைமோர்' இன்றும் வழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் உறைமோரைக் காப்பாற்றிய குடும்பம் பங்குகளைக் காப்பாற்றவில்லை. ஜெரார்டின் மகன் ஹென்றி காலத்தில் பங்குகள் கைமாறி, 1942-ல் ஆலையின் மீதிருந்த குடும்பத்தின் பிடி நழுவியது. ஹென்றியின் மகன் ஆல்பிரட் விடவில்லை. பங்குகளை மெல்ல மெல்லத் திரட்டி, 1954-ல் பாட்டனார் சொத்தை மீட்டுவிட்டார். அதே வருஷம் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். நம் ஊராயிருந்தால், 'பெண் பிறந்த யோகம்' என்றிருப்போம்!

அந்த மகள்தான் ஷார்லீன். ஒரே குழந்தை. 2002 ஜனவரியில் தகப்பனார் மறைந்தபோது அவருக்கு வயது 47, ஐந்து குழந்தைகளின் தாய், லண்டன்வாசி. வைக்கோற்போர் அதற்குள் உலகப் பெரும் நிறுவனமாக வளர்ந்திருந்தது. விற்றுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் விற்கவில்லை.

விதவை ஒருத்தி ஆரம்பித்தார். தாய் ஒருத்தி பணம் கொடுத்தார். மகள் ஒருத்தி கைவிடாமல் பிடித்துக்கொண்டார். நடுவில் வந்த ஆண்களின் படங்கள்தான் சுவரில் பெரிதாகத் தொங்குகின்றன. அது எல்லா வீட்டிலும் உள்ள சமாசாரம்தானே!

உங்கள் வீட்டிலும் 22 வயதுப் பிள்ளை தொழில் தொடங்கப் பணம் கேட்டு வந்தால், உடனே 'இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள். அவன் சொல்லும் நியாயத்தை முழுவதும் கேளுங்கள். ஆனால் பெட்டிச் சாவி மட்டும் உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்!