சம்மதம் என்றால் என்ன?

இயற்பியல் வகுப்பில் முதல் சண்டை எப்போதும் வரையறையைப் பற்றித்தான் வரும். ‘வேலை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் மூட்டையுடன் பேருந்துக்காக அரை மணி நேரம் அசையாமல் நின்றவருக்குக் கழுத்து ஒடிந்துவிடும் போலிருக்கும். ஆனால் மூட்டையின் மீது அவர் செய்த வேலை சுழி என்று நம் பாடம் சொல்லும். கேட்டால் அவருக்குக் கோபம் வரும். வந்தாலும் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை.

சட்டத்தில் அப்படி இல்லை. அங்கே ஒரு சொல்லைக் கோணலாக வரையறுத்தால் குற்றம் செய்தவர் வெளியே போய்விடுவார். அடிபட்டவர் பொய் சொன்னவராகிவிடுவார். அப்படி இரண்டு சொற்கள் நம் நாட்டு நீதிமன்றங்களில் பட்ட பாட்டை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று ‘தொடுதல்’, மற்றது ‘சம்மதம்’. இனப்பெருக்க மண்டலம் பாடத்தையே ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிவிடும் ஊரில் இதை எங்கே பேசுவது என்று நீங்கள் நினைக்கலாம். இங்கேயே பேசுவோம்.

முதலில் தொடுதல். 2016இல் நாக்பூரில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் ஓர் ஆள் தகாத முறையில் நடந்துகொண்டான். வழக்கு நடந்தது, விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, 2021 ஜனவரியில் ஒரு தீர்ப்புச் சொன்னது. சிறுமியின் உடைக்கு மேலேதான் அவன் கை பட்டது. தோலும் தோலும் படவில்லை. ஆகவே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டமான ‘போக்சோ’வின்படி இது பாலியல் தாக்குதல் ஆகாது என்றது. வேறு சட்டப்பிரிவின்கீழ் குறைந்த தண்டனைதான் மிஞ்சியது.

இதை ஓர் இயற்பியல் மாணவனாக நின்று யோசித்துப் பாருங்கள். துணி என்பது விசையைத் தடுக்கும் சுவரா? உங்கள் உள்ளங்கையின்மேல் ஒரு பட்டுத் துணியை விரித்து அதன்மீது ஒரு விரலால் அழுத்துங்கள். அழுத்தம் அப்படியே வந்து சேர்கிறது. தோலின் ஆழத்தில் வெங்காயம் போல அடுக்கடுக்கான ஓர் உணர்வு உறுப்பு இருக்கிறது. பாசினி என்ற இத்தாலிய அறிஞரின் பெயரால் அழைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அதிர்வைக்கூட அதனால் உணர முடியும். துணி அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

இன்னும் ஒரு படி உள்ளே போவோம். கண்டிப்பான இயற்பியல் பேசினால், தோலும் தோலும்கூட நாம் நினைக்கிற மாதிரி ‘ஒட்டுவது’ இல்லை. ஒரு பொருளின் அணுக்களில் உள்ள எலெக்ட்ரான்கள் மற்றதன் எலெக்ட்ரான்களைத் தள்ளுகின்றன. அந்தத் தள்ளலைத்தான் நாம் தொடுதல் என்று உணர்கிறோம். ‘இடையில் ஒன்றும் இருக்கக் கூடாது’ என்று அளவுகோலை இறுக்கிக்கொண்டே போனால் உலகில் யாரும் யாரையும் தொட்டதே இல்லை என்று முடியும்! எதைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டதோ அதையே நழுவவிடும் வரையறை கெட்ட வரையறை.

மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரே இந்தத் தீர்ப்பை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். கையில் அறுவைச் சிகிச்சை உறையை மாட்டிக்கொண்டு குற்றம் செய்பவன் தப்பிவிடுவானே என்று அவர் வாதாடினார். 2021 நவம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. பார்க்க வேண்டியது தோல் பட்டதா என்பதை அல்ல, பாலியல் நோக்கத்தோடு தொட்டானா என்பதைத்தான் என்று தெளிவாகச் சொன்னது. அந்த ஆளுக்கு போக்சோ சட்டப்படி மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை திரும்ப வந்தது.

நோக்கத்தை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. எங்கள் காஞ்சிபுரத்தில் வைகாசிக் கருட சேவைக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நெருங்கிவிட்டால் கூட்டம் ஏறக்குறைய ஒரு திரவம் போல நடந்துகொள்ளும். எங்கோ பின்னால் தொடங்கிய தள்ளல் அலையாக வந்து, தோளிலும் முதுகிலும் மோதி, உங்களையும் பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்தே தள்ளிக்கொண்டு போகும். அதற்குக் குறி கிடையாது. கூட்டம் தளர்ந்தபின்னும் விலகாத கை, நீங்கள் நகர்ந்தால் பின்னாலேயே நகரும் கை, ஒரு குறிப்பிட்ட இடத்தையே தேடி இரண்டாம் முறையும் வரும் கை, இவை கூட்டத்தின் விசை அல்ல. நீதிமன்றமும் இப்படித்தான் பார்க்கிறது: எங்கே, எத்தனை முறை, எந்தச் சூழலில், என்ன பேசிக்கொண்டு.

தொடாமலும் குற்றம் நடக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலியல் நோக்கோடு பேசுவது, சைகை காட்டுவது, படம் காட்டுவது, விடாமல் பின்தொடர்வது, கைப்பேசி வழியாகத் தொல்லை தருவது ஆகியவற்றுக்கு அதே சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

இப்போது இரண்டாவது சொல். இது இன்னும் கடினமானது.

1972 மார்ச் மாதம் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமி இரண்டு காவலர்களால் பாலியல் கொடுமைக்கு ஆளானாள் என்று வழக்கு. வயது 14க்கும் 16க்கும் இடையில்; பெற்றோர் இல்லாத கூலிப் பெண். அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதைச் சட்டம் பின்னர் குற்றமாக்கியதே இந்த வழக்கை ஒட்டித்தான். கீழ்நீதிமன்றம் 1974இல் காவலர்களை விடுவித்தது. 1976இல் உயர்நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. அச்சத்தால் செயலற்றுப் பணிந்துபோவது சம்மதம் ஆகாது என்றது. 1978இல் உச்சநீதிமன்றம் மறுபடி விடுவித்தது. அவள் உடம்பில் காயம் இல்லை, எனவே அவள் எதிர்க்கவில்லை, எனவே சம்மதித்தாள். இதுதான் அந்த வாதத்தின் சாரம்.

அடுத்த ஆண்டு, 1979 செப்டம்பரில், உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினார்கள். உச்சநீதிமன்றத்துக்கே தவறு சொல்வது அன்றைக்கு எளிய காரியம் அல்ல. அவர்கள் சுட்டியது ஒரு தர்க்கப் பிழையை. சதுரம் எல்லாம் செவ்வகம். ஆனால் செவ்வகம் எல்லாம் சதுரம் ஆகுமா? சம்மதிப்பவர் இணங்குகிறார், உண்மை. ஆனால் இணங்கிப் போனவர் எல்லாம் சம்மதித்தவர் அல்ல. நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருந்த பெண், உறவு நடந்தது நிரூபணமான நிலையில், ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும் என்று வந்தது.

மேசைமேல் ஒரு புத்தகம் அசையாமல் கிடக்கிறது. ‘அதன்மீது எந்த விசையும் செயல்படவில்லை’ என்று எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, மேசை மேலே தள்ளுகிறது. இரண்டும் சமம் என்பதால் அசையவில்லை. அசையாமையை மட்டும் பார்த்து விசையே இல்லை என்று சொல்லக் கூடாது. 1978 தீர்ப்பில் நடந்தது ஏறக்குறைய இதே பிழைதான்.

உயிரியலும் இதையே சொல்கிறது. 1646இல் கிர்ச்சர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் ஒரு சோதனையை எழுதி வைத்தார். ஒரு கோழியின் கால்களைக் கட்டித் தரையில் கிடத்தி, அதன் அலகுக்கு முன்னால் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். பிறகு கட்டை அவிழ்த்துவிட்டார். கோழி எழுந்து ஓடவில்லை, அப்படியே கிடந்தது! கோட்டில் மாயம் ஒன்றும் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. அழுத்திப் பிடிக்கப்பட்டதால் வந்த அச்சமே போதும். கோழி, முயல், சுறாமீன் எனப் பல உயிர்களில் இது காணப்படுகிறது. தப்ப வழியில்லை என்று மூளை முடிவு கட்டும்போது தசைகள் இறுகிப்போகின்றன, குரல் எழும்பாது. உயிர் நினைத்துச் செய்வது அல்ல இது.

மனிதரிலும் இது நடக்கிறது. ஸ்டாக்ஹோம் நகரில் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகி அவசரச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. அவர்களில் 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவுக்கும், 48 விழுக்காட்டினர் மிகக் கடுமையாகவும் இப்படி உறைந்துபோனதாகத் தெரிவித்தார்கள். ‘நீ ஏன் கத்தவில்லை?’ என்று ஒருவரிடம் கேட்கும்முன் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, நீதிபதி வர்மா குழு ஒரு மாதத்திற்குள் அறிக்கை கொடுத்தது. 2013இல் சட்டத்துக்குள் சம்மதத்தின் வரையறை வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அதுவே தொடர்கிறது. சொல்லாலோ சைகையாலோ வேறு வகையிலோ, ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக விரும்பி, அந்தக் குறிப்பிட்ட செயலுக்குத் தெரிவிக்கும் உடன்பாடுதான் சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் சம்மதித்தாள் என்று கொள்ளக் கூடாது. அச்சுறுத்திப் பெற்றது, போதையில் இருப்பவரிடம் பெற்றது, பேச முடியாதவரிடம் ‘பெற்றதாக’ நினைத்துக்கொண்டது எதுவும் சேராது. (பதினெட்டு வயது நிறைந்த மனைவி விஷயத்தில் கணவனுக்கு இந்தச் சட்டம் இன்னும் விலக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. அது சரியல்ல என்பது என் கருத்து.)

‘அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ஒரு சேலை நெய்யப் பாவு வாங்கிக்கொண்ட நெசவாளர், அடுத்த சேலைக்கும் ஒத்துக்கொண்டவர் ஆகமாட்டார். சேர்ந்து சினிமாவுக்கு வர ஒத்துக்கொண்டவர் சினிமாவுக்குத்தான் ஒத்துக்கொண்டார். நேற்றுச் சரி என்றவர் இன்று வேண்டாம் எனலாம். பாதியிலும் வேண்டாம் எனலாம்.

வயதுக்கு வருவோம். 18 நிறையாதவரின் சம்மதத்தைச் சட்டம் கணக்கில் எடுப்பதே இல்லை. ‘எங்கள் சம்மதத்துக்கு மதிப்பே இல்லையா?’ என்று உங்களுக்குக் கோபம் வரலாம். காஞ்சிபுரத்தில் ஒரு காலத்தில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பட்டுத் தறிகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கோர்வைச் சேலையில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓடும். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள உதவி ஆள் வேண்டும். அந்த ஆள் பல வீடுகளில் ஒரு சிறுவன். ‘உனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டால் அவன் தலையாட்டியிருப்பான். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் அப்பாவின் கடன் நின்றது. கொத்தடிமை முறையை ஒழித்த 1976ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தலையாட்டலை ஒப்பந்தமாக ஏற்கவில்லை. பலம் ஒரு பக்கமே இருக்கும்போது பலவீனமான பக்கத்தின் ‘சரி’யைப் பலமான பக்கம் தனக்குச் சாதகமாகக் காட்ட முடியாது. போக்சோவின் தத்துவமும் இதுவே. ஆசிரியர், உறவினர், காவலர் போன்று குழந்தையின் நம்பிக்கையைப் பெற்றவர் குற்றம் செய்தால் தண்டனை கூடுதல். பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் காட்டுவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பலம் அரசாங்கத்தின் பக்கமே இருந்தால்? தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடிவந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரையே சூறையாடினார்கள்; 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரையும் 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் அதை உறுதிசெய்தது. இடையில் முப்பத்தொரு ஆண்டுகள்.

பதினாறு, பதினேழு வயதில் ஒருவரையொருவர் விரும்பும் இருவர் விஷயத்தில் இந்த வயதுக் கோடு சிக்கல் தருகிறது என்பதையும் மறைக்க வேண்டாம். அப்படிப்பட்ட ஒரு வழக்கை 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துசெய்து, வளரிளம் பருவக் காதலைத் தண்டிக்க வந்த சட்டம் அல்ல இது என்றது. ஆனால் 2023இல் சட்ட ஆணையம் வயதைக் குறைக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. கோடு 18இலேயே இருக்கிறது.

பையன்களே, ‘இது பெண்பிள்ளைகள் சமாச்சாரம்’ என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்குமேல் பையன்கள். போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

சொன்னால் என்ன நடக்கும் என்ற பயம்தான் பலரின் வாயைக் கட்டுகிறது. 1098 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம். குற்றம் நடந்தது என்று தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைப்பதே குற்றம் என்பதால், நீங்கள் சொல்லும் பெரியவர் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. வாக்குமூலம் வாங்கக் காவலர் உங்கள் வீட்டுக்கோ நீங்கள் சொல்லும் இடத்துக்கோ வரவேண்டும். கூடியவரை பெண் அதிகாரி. சீருடையில் வரக் கூடாது. இரவில் எந்தக் குழந்தையையும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. உங்கள் பெயரோ பள்ளியின் பெயரோ பத்திரிகையில் வரக் கூடாது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தை நீங்கள் பார்க்க நேராதபடி திரையோ வேறு ஏற்பாடோ செய்வார்கள். அவருடைய வழக்கறிஞர் உங்களிடம் நேராகக் கேள்வி கேட்கவும் முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் உங்களிடம் கேட்பார்.